பத்தாயிரம் ரூபாய், மூன்று மணி நேரம்: வீட்டில் நகை செய்து விற்க எது தோது?

போன ஆடியில் அக்கா மகள் ஃபோன் செய்தாள். “சித்தி, கையில பத்தாயிரம் ரூபாய் இருக்கு. பையனை பிளே ஸ்கூல்ல விட்டுட்டா ஒன்பதரையிலேருந்து பன்னிரண்டரை வரைக்கும் மூணு மணி நேரம் எனக்குன்னு கிடைக்குது. நகை செஞ்சு விக்கலாம்னு பாக்கறேன். பட்டு நூலா, டெரகோட்டாவா, ரெசினா, மணி கோக்கறதா? நீங்க சொல்றதைத்தான் செய்யப்போறேன்.”

கடைசியாகச் சொன்னதை நான் நம்பவில்லை. ஆனாலும் சரியான ஆளிடம்தான் கேட்டாள். பதினோரு வருஷத்தில் இந்த நான்கிலும் கை வைத்துப் பார்த்தாயிற்று. ஒன்றில் காசு பார்த்தேன். ஒன்றில் கையைச் சுட்டுக்கொண்டேன், நிஜமாகவே கொப்புளம் வந்தது. மற்ற இரண்டில் ஊருக்கெல்லாம் நகை போட்டு அழகு பார்த்ததோடு சரி.

ஃபோனில் அரைகுறையாகச் சொன்னதை இங்கே முழுதாக எழுதுகிறேன். அவளுடைய நிலைமையை வைத்துத்தான் எழுதுகிறேன்: ஸ்ரீரங்கத்தில் மூன்றாவது மாடியில் வாடகை வீடு, எதைப் பார்த்தாலும் வாயில் வைக்கிற பையன், மொட்டை மாடிச் சாவி வீட்டுக்காரரிடம். உங்கள் வீட்டில் கொல்லைப்புறம் இருந்தால், பிள்ளைகள் காலேஜ் போகிற வயதில் இருந்தால், விடை கொஞ்சம் மாறும்.

நேரம் நல்ல நேரம்தான். 2025-ல் தங்கம் சவரன் 80 ஆயிரத்தைத் தாண்டியது, வெள்ளி கிலோ ஒரு லட்சத்தைத் தாண்டியது. ‘கவரிங்கா போட்டிருக்கே?’ என்று கேட்டு மானத்தை வாங்கிய பெரியம்மாக்களே இப்போது புடவைக்கு மேட்ச்சாக ஒரு செட் கேட்கிறார்கள். வாங்க ஆள் உண்டு. அதில் நம் கைக்கு என்ன நிற்கும் என்பதை மட்டும்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

பட்டு நூல்

எல்லோரும் முதலில் தொடுவது இதைத்தான். பிளாஸ்டிக் வளையல், நூல் கண்டு, ஃபேப்ரிக் கம், ஸ்டோன் லேஸ், குந்தன் கல், ஜிமிக்கி பேஸ் எல்லாம் சேர்த்து ஆயிரம் ரூபாய்க்குள் ஒரு பை நிறைய வாங்கிவிடலாம். திருச்சியில் தெப்பக்குளம், சின்னக்கடை வீதிப் பக்கம் ஃபேன்ஸி கடைகளில் கிடைக்கிறது. மொத்தமாக வேண்டுமானால் சென்னை சவுகார்பேட்டை.

நூலை ஓர் அட்டையில் இருபது, இருபத்தைந்து சுற்று சுற்றி ஒரு பக்கம் வெட்டினால் ஒரு கற்றை. வளையலின் உட்புறம் ஒரு பொட்டுப் பசை, அதில் கற்றையின் நுனி, அப்புறம் சுற்ற வேண்டியதுதான். நூல் முறுக்கிக்கொள்ளாமல் ரிப்பன் மாதிரித் தட்டையாகப் படிய வேண்டும். ஓரிடத்தில் முறுக்கினாலும் வெளிச்சத்தில் கோடு போட்டுக் காட்டிக்கொடுக்கும். பசை பட்ட விரல் நூலில் பட்டால் அந்த இடம் மட்டும் பளபளப்பு செத்துத் திட்டாகிவிடும். பசைக்கு ஒரு கை, நூலுக்கு ஒரு கை என்று பழகவே எனக்கு ஒரு மாதம் ஆனது.

இதன் பலம் நிறம். பிளவுஸ் பிட்டைக் கையில் கொண்டுவந்து ‘இதே ராமர் பச்சை வேணும், ஓரத்துல அரக்கு’ என்று கேட்பவருக்கு வேறெந்த வகை நகையும் ஈடு கொடுக்காது. வளைகாப்புக்கு நாற்பது செட், கொலுவுக்கு வருகிறவர்களுக்கு வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுக்க முப்பது ஜோடி என்று மொத்தமாக ஆர்டர் வருவதும் இதில்தான். பலவீனம் தண்ணீர். பாத்திரம் தேய்க்கும் முன் கழற்ற மறந்தால் கதை முடிந்தது. ஃபோனில் பார்த்து ஆர்டர் கொடுத்தவரிடம் அரக்கு போய்ச் சேர்ந்தால் ‘சிவப்புன்னுதானே காட்டுனீங்க’ என்று வரும். அதற்கு வாதாடிப் பயனில்லை, அவர் ஸ்கிரீனில் அது சிவப்பாகத்தான் தெரிந்திருக்கும்.

அப்புறம் வளையல் அளவு. இதைத் தெரியாமல் யாரும் ஆர்டர் எடுக்கக் கூடாது. 2.4, 2.6, 2.8, 2.10 என்று சொல்கிறோமே, அது தசமக் கணக்கு இல்லை. புள்ளிக்குப் பின்னால் இருப்பது அங்குலத்தில் பதினாறில் இத்தனை பங்கு. 2.4 என்றால் உள்விட்டம் இரண்டே கால் அங்குலம், 57 மில்லிமீட்டர். 2.8 என்றால் இரண்டரை அங்குலம், 63.5 மில்லிமீட்டர். 2.10 அதைவிடப் பெரியது, ஏறக்குறைய 66.7. பள்ளிக்கூடக் கணக்குப்படி 2.10 சின்னது என்று நினைத்து வாங்கினால் பருமனான கை உள்ளவர்களைத் தேடிக்கொண்டு அலைய வேண்டியதுதான்.

டெரகோட்டா

சுடுமண் நகை. இதன் மேல் எனக்கு ஆசை அதிகம். அதனால்தான் கோபமும் அதிகம்.

களிமண் பாக்கெட்டில் கிடைக்கிறது. ஒரு கிலோவில் எத்தனையோ ஜிமிக்கி செய்யலாம், பொருள் செலவு இல்லவே இல்லை என்று சொல்லலாம். பிசைந்து, உருட்டி, வடிவம் கொடுத்து, பல்குச்சியால் புள்ளி வைத்து, கம்பி வளையத்தை ஈரம் இருக்கும்போதே பதித்துவிட வேண்டும். காய்ந்த பிறகு ஓட்டை போட நினைத்தால் பிளந்துவிடும். ஒரு ஜோடியின் இரண்டு தோடும் ஒரே மண்ணில், ஒரே நாளில் செய்ய வேண்டும். காயும்போது மண் சுருங்கும். நேற்றைய மண்ணும் இன்றைய மண்ணும் ஒரே அளவு சுருங்குவதில்லை.

பிறகு நிழலில் நாலைந்து நாள், வெயிலில் ஒரு நாள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பத்து நாள் வைத்திருந்தாலும் உள்ளே ஈரம் நிற்கும். கண்ணுக்குத் தெரியாது. கன்னத்தில் வைத்தால் சில்லென்று இருக்கும், அதுதான் அடையாளம். அந்த ஈரம் நெருப்பில் ஆவியாகி, வெளியேற வழி கிடைக்காமல் துண்டை உடைத்துக்கொண்டு வரும். ஒரு கார்த்திகையில் அவசர ஆர்டர் என்று சட்டியில் உமி பரப்பி, நகைகளை அடுக்கி, மேலே வறட்டி வைத்து மூட்டிவிட்டுப் படியில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே ‘டப்’ என்றது. கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. ஒன்பது வரை எண்ணினேன். பொறுமையில்லாமல் சூடு ஆறும் முன் கிளறப் போய்த்தான் அந்தக் கொப்புளம். ஆறுவதற்குள் திறந்ததில் நல்லதாக இருந்த இரண்டும் விரிசல் விட்டன.

சரியாக வந்துவிட்டால் அந்தச் சந்தோஷம் தனி. வெந்த இரண்டு துண்டைத் தட்டிப் பார்த்தால் ‘ணங்’ என்று கேட்கும், வேகாதது ‘தொப்’ என்று அடங்கும். காற்றோட்டமாகச் சுட்டால் செம்மை, காற்றுப் புகாமல் மூடிச் சுட்டால் புகையைக் குடித்துக் கறுப்பு. கீழடியில் எடுத்த கறுப்பு சிவப்புப் பானைகளிலும் இதே வித்தைதான் இருக்கிறது. காட்டன் புடவை, கைத்தறி கட்டுகிற பெண்கள் இதற்கு நல்ல விலை கொடுப்பார்கள். பேர் எடுத்தவர்கள் ஒரு செட் 800, 1,000 என்று விற்கிறார்கள், அதற்கு மேலும் போகிறது.

ஆனால் அந்தப் பேர் எடுக்க இரண்டு வருஷமாவது ஆகும். மூன்றாவது மாடியில் உமிப் புகை போட்டால் அடுத்த மாதம் வேறு வீடு பார்க்க வேண்டும். சுடாமலே காய்கிற மண்ணும் விற்கிறார்கள்தான். அதில் செய்து ‘டெரகோட்டா’ என்று சொல்லி விற்க எனக்கு மனம் வரவில்லை. அது சுடுமண் இல்லை, பேரிலேயே பொய்.

ரெசின்

இரண்டு பாட்டில் திரவம், சொன்ன விகிதத்தில் கலந்து அச்சில் ஊற்றினால் ஒரு நாளில் கண்ணாடி மாதிரி இறுகும். உள்ளே பூவிதழ், தங்க ரேக்கு, கல்யாண மாலையின் காய்ந்த ரோஜா என்று எதையும் வைக்கலாம். நினைவுப் பொருளாக விற்பதால் விலையும் நன்றாக வைக்கலாம். நான் இதில் ஓடியது ஆறு மாதம்.

அக்கா மகளிடம் இதற்கு ஒரே வார்த்தைதான் சொன்னேன்: வேண்டாம். இறுகாத எபாக்சி, அதாவது அந்த ரெசின் திரவம், தோலில் பட்டுப் பட்டு ஒவ்வாமை வரலாம், ஒரு தடவை வந்துவிட்டால் பிறகு எப்போது தொட்டாலும் வரும். கையுறை, முகமூடி, காற்றோட்டமான தனி அறை எல்லாம் வேண்டும். அவள் வீட்டில் தனி அறை என்பது பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கிற இடம். மழைக்கால ஈரத்தில் மேலே பால் மாதிரிப் படரும், வெயிலில் தொடர்ந்து இருந்தால் மஞ்சளாகும். பிள்ளை வளர்ந்து, வீட்டில் ஒரு அறை சும்மா கிடந்தால் அப்போது யோசிக்கலாம்.

மணி கோர்ப்பது

பார்க்க இதுதான் ரொம்பச் சாதாரணம். ‘மணி கோக்கறதுக்கு என்ன சித்தி திறமை வேணும்?’ என்றாள் அவளும்.

கையாயுதம் மூன்று: உருண்டை மூக்கு பிளையர், தட்டை மூக்கு பிளையர், கட்டர். பிறகு மணி கோர்க்கிற கம்பியான கியர் வயர், வயர் நுனியை நசுக்கிப் பிடிக்கிற குட்டி உலோக மணியான கிரிம்ப் பீட், பதக்கம் மாட்டுகிற சின்ன வளையமான ஜம்ப் ரிங், ஐ பின், ஹெட் பின் என்கிற ஊசிக் கம்பிகள், கொக்கி, பின்னால் கட்டுகிற டோரி. மணி சரமாக வரும். பதினாறு அங்குலச் சரத்தில் 8 மில்லிமீட்டர் மணி ஏறக்குறைய ஐம்பது இருக்கும். மோனலிசா மணி, கண்ணாடி முத்து, கிரிஸ்டல், நடுவில் ஒரு கெம்பு பதக்கம் அல்லது நக்‌ஷி பதக்கம். முதல் மாலை ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும், பழகிவிட்டால் நாற்பது நிமிஷம்.

திறமை எங்கே இருக்கிறது என்றால், கண்ணுக்குத் தெரியாத இடத்தில். ஜம்ப் ரிங்கை எப்போதும் பக்கவாட்டில் திருகித் திறக்க வேண்டும். இரண்டு பக்கமும் இழுத்து அகலப்படுத்தினால் வட்டம் கெட்டுப்போய், மூடினாலும் மயிரிழை இடைவெளி நிற்கும். அந்த இடைவெளி வழியாக ஒருநாள் கல்யாண மண்டபத்தில் பதக்கம் நழுவும். கிரிம்ப்பை நசுக்கிய பிறகு வயரின் வாலை அடுத்த இரண்டு மணிகளுக்குள் மறைத்துவிட்டு வெட்ட வேண்டும். அப்படியே வெட்டினால் நுனி கழுத்தைக் குத்தும். வாங்கியவர் உங்களிடம் சொல்ல மாட்டார், போடுவதை நிறுத்திவிடுவார், அவ்வளவுதான்.

மணியைக் கடையிலேயே சோதித்து வாங்குங்கள். நகப்பூச்சு நீக்கியில் நனைத்த பஞ்சால் ஒரு மணியைத் தேய்த்தால், சாயம் பூசியதாக இருந்தால் பஞ்சில் ஒட்டும். பஞ்சில் ஒட்டுவது வேர்வையிலும் ஒட்டும், வெள்ளைச் சட்டையில் தெரியும். காது கொக்கியில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. ஒருமுறை ‘நிக்கல் கலக்கலைங்க’ என்று கடைக்காரர் சொன்னதை நம்பி ஐம்பது ஜோடிக் கொக்கி வாங்கினேன். இரண்டே வாரத்தில் ஒரு டீச்சர் காது மடல் வீங்கி நீர் வடிய வந்து நின்றார். காசைத் திருப்பிக் கொடுத்தேன். மீதி நாற்பத்தைந்து ஜோடியைத் தூக்கிப் போட்டேன். அன்றிலிருந்து தோட்டுக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் 316எல் வகைக் கொக்கிதான். ஜோடிக்குச் சில ரூபாய் கூடுதல், தூக்கம் நிம்மதி.

இதன் கெடுதலையும் சொல்லிவிடுகிறேன். பணம் டப்பாவில் தூங்கும். பட்டு நூலில் ஒரு நிறம் ஓடவில்லை என்றால் நஷ்டம் ஒரு கண்டு. மணியில் ஒரு நிறம் ஓடவில்லை என்றால் நஷ்டம் ஆயிரம் ரூபாய். என் மேசை இழுப்பறையில் சொட்டு நீல நிறத்தில் பதினான்கு சரம் ஐந்து வருஷமாக இருக்கிறது. நொய்யல் கரையில் கொடுமணலில் அகழ்ந்தபோது, இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய கல்மணிகளோடு செய்து முடிக்காத மணிகளும் கிடைத்தன. தொழில்நுட்பம் பற்றி அறிஞர்கள் சொல்வது சரியாகத்தான் இருக்கும். எனக்கென்னவோ அதில் கொஞ்சமாவது ‘இந்த நிறம் போகலையே’ என்று எவளோ ஓரம் வைத்ததாக இருக்கும் என்றுதான் தோன்றுகிறது.

இன்னொரு கெடுதல், டிசைனைக் காப்பியடிப்பது. இன்று காலை ஸ்டேட்டஸில் போட்ட மாலை, அதே கடையில் அதே சரம் வாங்கி, நாளை சாயங்காலம் இன்னொருத்தர் ஸ்டேட்டஸில் ஐம்பது ரூபாய் குறைவாக இருக்கும்.

கைக்கு என்ன கூலி நிற்கிறது

இனிக் கணக்கு. விலைகள் என் நோட்டுப் புத்தகத்தில் உள்ளவை. உங்கள் ஊரில், நீங்கள் வாங்கும் கடையில் மாறும், போடும் முறை மாறாது.

பட்டு நூலில் ஆறு வளையல், ஒரு ஜோடி ஜிமிக்கி. பொருள் 90 ரூபாய், டப்பாவும் கவரும் 20. விற்றது 350-க்கு. மிச்சம் 240. வேலை நேரம் மூன்று மணி. மணிக்கு 80 ரூபாய்.

டெரகோட்டாவில் பதக்கமும் தோடும் சேர்ந்த செட். பொருள் வெறும் 40. உடையாமல் அனுப்ப டப்பா, பபுள் கவர் 35. விற்றது 400-க்கு. ஆனால் பத்து செய்தால் தேறுவது ஏழு. ஏழு விற்றால் 2,800. அதில் பேக்கிங் 245, பத்துக்கும் ஆன மண், பெயின்ட் செலவு 400 கழித்தால் 2,155. ஒவ்வொன்றுக்கும் பிசைவது முதல் வார்னிஷ் வரை நான்கு மணி நேரம், பத்துக்கு நாற்பது. மணிக்கு 54 ரூபாய்கூட முழுதாக இல்லை.

மணி மாலை. சரம், பதக்கம், வயர், கொக்கி, டோரி 240, பேக்கிங் 20. விற்றது 450-க்கு. மிச்சம் 190தான், பட்டு நூலைவிடக் குறைவு. ஆனால் வேலை நாற்பது நிமிஷம். ஒரு மணி நேரத்துக்கு 285.

இதை நான் ஆறு வருஷம் கழித்துத்தான் போட்டுப் பார்த்தேன். அதுவரை ‘மண்ணுக்கு என்ன செலவு, வந்ததெல்லாம் லாபம்தானே’ என்றே ஓடியது. பொருள் எவ்வளவு மலிவோ அவ்வளவுக்கு நம் கையும் மலிவாகிப் போயிருந்தது. எங்கள் திருச்சிப் பக்கம் வீட்டுக்கு வீடு செயற்கைக் கல் பட்டை தீட்டினார்கள். மெஷினில் தீட்டிய கற்கள் வெளியிலிருந்து வந்து இறங்கியதும் கல்லுக்கு இவ்வளவு என்று வாங்கிய கூலி கட்டுப்படியாகாமல் எத்தனையோ பேர் பட்டறையை மூடினார்கள். அந்தக் குடும்பங்களில் ஒன்றில் வாழ்க்கைப்பட்ட எனக்கே கணக்குப் போட ஆறு வருஷம் ஆகியிருக்கிறது.

செய்யாமலே விற்கிற வழியும் உண்டு. சிதம்பரம் கவரிங் மாதிரி மொத்த விலைக்கு வாங்கி, ஐம்பது, நூறு மேலே வைத்துக் கொடுப்பது. கூலிக் கணக்கே வராது, மூன்று மணி நேரத்தில் எத்தனை வேண்டுமானாலும் விற்கலாம். ஆனால் ஒரே ஃபோட்டோ நூறு பேர் குரூப்பில் ஓடும்போது நம்மிடம் வாங்க ஒரு காரணம் இருக்காது. அதை நகை செய்யும் தொழிலோடு சேர்த்து ஒப்பிட எனக்கு இஷ்டமில்லை.

அதனால் அவளுக்கு நான் சொன்னது: மணியில் இறங்கு, பட்டு நூலைக் கேட்டு வந்தால் மட்டும் செய், டெரகோட்டாவை ஆசைக்கு வைத்துக்கொள். பத்தாயிரத்தையும் ஒரே நாளில் கொட்டாதே. கருவிக்கு 900, மணிச் சரங்களுக்கு 3,500, பதக்கத்துக்கு 1,800, கொக்கி, வயர், பின் வகைக்கு 1,000, டப்பாவுக்கு 600. மொத்தம் 7,800. மீதி 2,200-ஐத் தொடாதே. ஓடுகிற நிறம் எது என்று முதல் மாதம் சொல்லும், அதை வாங்க அந்தக் காசு வேண்டும். ஆரம்பத்தில் ஆறு நிறம் போதும்: முத்து வெள்ளை, மெரூன், பாட்டில் பச்சை, பவழம், கறுப்பு, அப்புறம் நீ ஆசைப்படுகிற ஏதாவது ஒன்று. அந்த ஆறாவதுதான் இழுப்பறைக்குப் போகும், பரவாயில்லை.

எங்கே விற்பது

வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் செலவில்லை. ஆனால் பார்ப்பவர்கள் அதே நூற்றைம்பது பேர், நாலு மாதத்தில் எல்லோரிடமும் ஒரு மாலை இருக்கும். அதன் பிறகு இன்ஸ்டாகிராம், அதற்குத் தினமும் ரீல் போட நேரம். இந்த மூன்று மணி நேரத்திலிருந்துதான் அதையும் எடுக்க வேண்டும்.

புடவைக் கடை, பொட்டிக் மாதிரி இடத்தில் வைத்து விற்றால் கமிஷன் கேட்பார்கள். நான் கொடுத்தது 30 சதவீதம். 450 ரூபாய் மாலைக்கு 135 போய்விட்டால் மிச்சம் 55தான். அதனால் அங்கே விலை 650 வைத்தேன். கமிஷன் 195 போக 455, பொருளும் பேக்கிங்கும் 260 போக 195. நேரில் விற்பதற்குச் சமம். இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. கடையில் 650-க்குத் தொங்குகிற மாலையை நீங்கள் ஸ்டேட்டஸில் 450-க்குப் போட்டால் கடைக்கார அக்கா அன்றே பார்த்துவிடுவார். கடைக்கு என்று டிசைனைத் தனியாக வைத்துக்கொள்ள வேண்டும். புடவை எடுத்த கையோடு மாலை எடுப்பவர் பேரம் பேசுவதில்லை என்பது என் அனுபவம். எட்டாயிரத்துக்குப் புடவை எடுத்தவருக்கு 650 பெரிதாகத் தெரியாது.

கண்காட்சி ஸ்டால் பற்றிப் பெரிய கனவு வேண்டாம். என் முதல் ஸ்டால், இரண்டு நாள். வாடகை 2,500, ஆட்டோ 400, சாப்பாடு 200. விற்றது 4,100, அதில் பொருள் செலவு 1,640. கூட்டிக் கழித்தால் 640 ரூபாய் நஷ்டம், இரண்டு நாள் நின்ற கால்வலி இனாம். ஆனால் அன்று இருபத்து மூன்று பேர் நம்பர் கொடுத்தார்கள். ஆறு பேர் இன்றும் வாங்குகிறார்கள். வாடகை அதிகமில்லாத இடங்கள் உண்டு. மகளிர் குழுவில் இருந்தால் தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் நடத்தும் கல்லூரிச் சந்தை, மாவட்டத்துப் பூமாலை வணிக வளாகம் ஆகியவற்றில் இடம் கேட்கலாம். கல்லூரிப் பெண்கள் மாலை வாங்க மாட்டார்கள், 60 ரூபாய், 80 ரூபாய்த் தோடு வாங்குவார்கள். அதற்கேற்ப எடுத்துப் போக வேண்டும். மாசக் கணக்கும் முக்கியம். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை, அப்போது செய்து சேர்த்துவிட்டால் ஆவணியும் தையும் கை கொடுக்கும்.

ஆன்லைன் தளங்களில் ரிட்டர்ன்தான் தலைவலி. ஞாயிற்றுக்கிழமை விசேஷத்துக்குப் போட்டுவிட்டுத் திங்கட்கிழமை திருப்பி அனுப்புவார்கள். எனக்கு ஒரு ஜிமிக்கி பவுடர் வாசனையோடு திரும்பி வந்தது. வெளிநாட்டுக்கு என்றால் எட்சி (Etsy) தளத்தில் ஒரு பொருளைப் பட்டியலிட 20 சென்ட், விற்றால் 6.5 சதவீதம், அதற்கு மேல் பணப் பரிமாற்றக் கட்டணம். அமெரிக்காவில் 800 டாலர் வரை பார்சலுக்கு வரி கிடையாது என்ற சலுகையும் 2025 ஆகஸ்ட் 29-உடன் போய்விட்டது. முதல் வருஷத்தில் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

காகித வேலை பற்றிப் பயப்பட வேண்டியதில்லை. சிறு தொழிலுக்கான அரசுப் பதிவான உத்யம் 2020 ஜூலையிலிருந்து இருக்கிறது, ஆதாரும் பான் கார்டும் போதும், கட்டணம் கிடையாது. ஆயிரம், இரண்டாயிரம் கேட்கிற தளம் அரசுத் தளம் இல்லை. இமிடேஷன் நகைக்கு ஜிஎஸ்டி 3 சதவீதம், ஆனால் தமிழ்நாட்டுக்குள்ளேயே விற்று, வருஷ விற்பனை 40 லட்சத்தைத் தாண்டாதவருக்குப் பதிவு கட்டாயமில்லை. 2023 அக்டோபர் முதல் இப்படிப்பட்டவர்கள் மாநிலத்துக்குள் ஆன்லைன் தளம் வழியாகவும் விற்கலாம், ஜிஎஸ்டி தளத்தில் ஒரு சேர்க்கை எண் மட்டும் வாங்க வேண்டும். வெளி மாநிலத்துக்கு அனுப்பும் முன் ஒரு ஆடிட்டரைக் கேட்டுவிடுங்கள். முத்ரா கடனில் சிசு பிரிவில் 50 ஆயிரம் வரை ஜாமீன் இல்லாமல் தருகிறார்கள் என்று அவளும் எங்கோ படித்துவிட்டுக் கேட்டாள். முதல் 10 ஆயிரத்தை ஒரு தடவை முழுக்கச் சுற்றிவிட்டு வா, அப்புறம் பேசலாம் என்றேன்.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். மணிதான் வாங்கினாள், ஏழாயிரத்துச் சொச்சத்துக்கு. ஆவணியில் எட்டு மாலை போனது. புரட்டாசியில் அவளுக்கு வந்த முதல் பெரிய ஆர்டர் எது தெரியுமா? எதிர் ஃபிளாட்டில் வளைகாப்பு, பட்டு நூல் வளையல் இருபத்தைந்து செட்.

ராத்திரி பத்து மணிக்கு ஃபோன். “சித்தி, பாதி பேருக்குச் சின்ன கைன்னு 2.10-ல அஞ்சு டஜன் வாங்கிட்டேன். போட்டுப் பாத்தா என் கையிலயே கழண்டு விழுது. கடைக்காரர் மாத்திக் கொடுப்பாரா?”

“நூல் சுத்திட்டியாடி?”

“ரெண்டு டஜன் சுத்திட்டேன்.”

சுற்றாத மூன்று டஜனை மாற்றிக் கொடுத்தார். சுற்றியது இரண்டு டஜன், நல்ல ராமர் பச்சை, நேர்த்தியாகத்தான் சுற்றியிருக்கிறாள். என் இழுப்பறையில், அந்தச் சொட்டு நீலச் சரங்களுக்குப் பக்கத்தில் இருக்கின்றன.